சாவியைக் கைமாற்றிய காலம்: மால்கம் ஆதிசேஷையாவும் ஓர் ஆய்வு நிறுவனமும்

1977 மார்ச். தமிழ்நாட்டில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இல்லை. முந்தைய ஆண்டு ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டதிலிருந்து குடியரசுத் தலைவர் ஆட்சிதான். நாடு முழுவதும் இருபத்தொரு மாதம் நீடித்த நெருக்கடிநிலை அந்த மாதத்தில்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாதத்தில், அடையாறு காந்தி நகரின் ஒரு ஆய்வு நிறுவனம் சத்தமில்லாமல் தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் சேமிப்பைப் போட்டுத் தொடங்கிய இடம் அது. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து ஆதரிக்கும் தேசிய நிறுவனமாக அது மறுவடிவம் பெற்றது.

அதுதான் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, ஆய்வுலகத்தினர் வாயில் 'மிட்ஸ்'. தொடங்கியவர்கள் மால்கம் ஆதிசேஷையாவும் எலிசபெத் ஆதிசேஷையாவும்.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மனிதரின் புகழ்மாலையை அல்ல, அந்த மார்ச் மாத முடிவை. சிறிய அறக்கட்டளைகளுக்கும் ஆய்வு மையங்களுக்கும் திட்டம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. நிறுவனம் தொடங்குவது எப்படி என்று கேட்டு வருபவர்கள் நிறையப் பேர். தொடங்கியதைக் கையிலிருந்து விடுவது எப்படி என்று இதுவரை இரண்டே பேர்தான் கேட்டிருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார்.

வேலூர், கல்கத்தா, தாம்பரம், ஜெனீவா

ஆதிசேஷையா பிறந்தது 1910 ஏப்ரல் 18, வேலூரில். தந்தை பால் வாரணாசி ஆதிசேஷையா, ஊரிஸ் கல்லூரியின் முதல்வர். (சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் சென்னைக்கு வருவதற்கு முன் படித்தது அந்தக் கல்லூரியில்தான்.) மகன் ஊரிஸிலும் பிறகு சென்னை லயோலாவிலும் படித்தார். 1930 முதல் 1936 வரை கல்கத்தா செயின்ட் பால் கல்லூரியில் விரிவுரையாளர். அதன்பின் இங்கிலாந்தில் மேற்படிப்பு. 1940-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பொருளியல் பேராசிரியர். கல்லூரி பிராட்வேயை விட்டுத் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த சமயம்.

இதுவரை இது நல்ல கல்லூரி ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கை. திருப்பம் 1946-இல் வருகிறது. உலகப்போரில் சிதறிப்போன மாணவர்களுக்கு உதவிக்கொண்டிருந்த சர்வதேச மாணவர் சேவை அமைப்புக்குப் பணியாற்ற அவர் ஜெனீவா செல்கிறார். பின்னாளில் உலகப் பல்கலைக்கழகச் சேவை என்று பெயர் பெற்ற அமைப்பு அது. அங்கே இரண்டு ஆண்டு. அரசும் அல்லாத, வணிகமும் அல்லாத ஓர் அமைப்பு எதை உண்டு உயிர் வாழ்கிறது என்பதை அவர் பார்த்தது அங்கேதான். நன்கொடை வரும் மாதம், வராத மாதம், கொடுப்பவரின் விருப்பத்துக்கும் பெறுபவரின் தேவைக்கும் நடுவிலான இழுபறி எல்லாம் அந்த இடத்தில் அன்றாடச் சோறு. அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த இரண்டு ஆண்டு ஒரே வரியில் கடந்துபோகிறது. 1977-ஐப் புரிந்துகொள்ள எனக்கு அந்த வரி முக்கியமாகப் படுகிறது.

1948-இல் யுனெஸ்கோ. தொழில்நுட்ப உதவிப் பிரிவின் பொறுப்பு, 1955-இல் உதவித் தலைமை இயக்குநர், 1963-இல் துணைத் தலைமை இயக்குநர். தலைமை இயக்குநராக ரெனே மயோ இருந்த காலத்தில் ஏழாண்டு அவருக்கு அடுத்த நாற்காலி ஆதிசேஷையாவுடையது. பம்பாய் ஐ.ஐ.டி. யுனெஸ்கோ வழியாக வந்த சோவியத் உதவியில் எழுந்ததும் அவர் தொழில்நுட்ப உதவியை நிர்வகித்த அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான்.

கராச்சியில் எழுதப்பட்ட பெரிய திட்டம்

1959 டிசம்பர் கடைசியிலும் 1960 ஜனவரியிலும் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் ஆசிய நாடுகளின் பிரதிநிதிகள் கராச்சியில் கூடினார்கள். 1980-க்குள் ஆசியக் குழந்தைகள் எல்லோருக்கும் குறைந்தது ஏழாண்டு கட்டாய, இலவசக் கல்வி. கராச்சித் திட்டம் என்று அதற்குப் பெயர். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவுக்காக அடிஸ் அபாபாவில் இதே போன்ற மாநாடு. 1963-இல் பாரிஸில் கல்வித் திட்டமிடலுக்கென்றே ஒரு சர்வதேச நிறுவனம்.

கல்வி என்பது செலவு அல்ல, முதலீடு என்ற கருத்து பொருளியலில் கோலோச்சத் தொடங்கிய காலம் அது. ஒரு நாட்டுக்குப் பத்து ஆண்டில் எத்தனை பொறியாளர் வேண்டும், அதற்கு இன்று எத்தனை பள்ளி கட்ட வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு வருவார்கள். காகிதத்தில் அந்தக் கணக்கின் அழகே தனி. ஆதிசேஷையா அந்தக் கருத்தின் மிகச் சுறுசுறுப்பான பிரசாரகர்களில் ஒருவர். உலகம் சுற்றி அதையே பேசினார், எழுதினார்.

1980 வந்தது. இந்தியாவின் 1981 கணக்கெடுப்பில் ஏழு வயதுக்கு மேற்பட்டோரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 43.57 சதவீதம்.

கராச்சித் திட்டம் தோற்றதற்குப் பணப் பற்றாக்குறையும் மக்கள்தொகைப் பெருக்கமும் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. கண்டத்துக்கு ஒரே இலக்கு என்று வைத்தால், தென்னாற்காட்டில் ஒரு பண்ணையாளின் மகள் ஏன் மூன்றாம் வகுப்போடு நிற்கிறாள் என்ற கேள்வி கணக்குக்குள் வருவதே இல்லை. அவள் நின்றது பள்ளி இல்லாமலா, கூலி இல்லாமலா, தண்ணீர் சுமக்க ஆள் இல்லாமலா? இதற்குப் பதில் பாரிஸில் கிடைக்காது. இருபது ஆண்டு பெரிய திட்டம் வகுத்த ஒருவர், அறுபது வயதில் ஊர் திரும்பி, ஒரே ஒரு மாநிலத்தை மட்டும் உற்றுப் பார்க்கும் இடம் ஒன்றைத் தொடங்கியதை நான் இந்தக் கோணத்தில்தான் வாசிக்கிறேன்.

1971: மூன்று தெற்கத்தி வீடுகள்

அவர் வந்து இறங்கிய நேரமும் வாய்ப்பாக அமைந்தது. 1969-இல் தில்லியில் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் உருவாகியிருந்தது. முதல் தலைவர் டி.ஆர். காட்கில், உறுப்பினர்-செயலர் ஜே.பி. நாயக். காட்கிலுக்கு நிறுவனம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930-இல் தொடங்கிய புணே கோகலே நிறுவனத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர் அவர். தில்லிக்கு வெளியேயும் சமூக அறிவியல் ஆய்வு வேர்விட வேண்டும் என்பது மன்றத்தின் நோக்கங்களில் ஒன்று. தெற்கே மூன்று இடங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. திருவனந்தபுரத்தில் 1971-இல் வளர்ச்சி ஆய்வு மையம், சென்னையில் அதே ஆண்டு ஜனவரியில் மிட்ஸ், பெங்களூரில் 1972-இல் வி.கே.ஆர்.வி. ராவின் சமூக, பொருளாதார மாற்ற நிறுவனம்.

திருவனந்தபுரத்தையும் சென்னையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியம் கூடும். அங்கே கே.என். ராஜ் இருந்தார். இருபத்தாறு வயதில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்க அத்தியாயத்தை எழுதியவர், தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். முதலமைச்சர் சி. அச்சுத மேனன் அவரை அழைத்தார். மாநில அரசு முதல் நாளிலிருந்தே கூட நின்றது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லில் வளாகம் கட்டினார். 1975-இல் ஐக்கிய நாடுகள் அவைக்காக அந்த மையம் செய்த கேரள ஆய்வு, குறைந்த வருமானத்திலும் நல்ல ஆயுளும் எழுத்தறிவும் சாத்தியம் என்று காட்டி உலகின் கண்ணை அந்தப் பக்கம் திருப்பியது.

சென்னையில் அழைத்தவர் யாரும் இல்லை. ஆதிசேஷையா தாமாக வந்தார், தம் பணத்தில் தொடங்கினார். 1971-இல் மு. கருணாநிதி அமைத்த மாநிலத் திட்டக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது உண்மை. ஆனால் நிறுவனத்தின் வாடகையும் சம்பளமும் வேறு கணக்கு. முதல் ஆண்டுகளில் மிட்ஸ் செய்தது பெரும்பாலும் மாதக் கருத்தரங்கு, அதில் படித்த கட்டுரைகளை அச்சிட்ட மாத இதழ். பொருளியலாளர், அரசு அதிகாரி, தொழில்துறையினர் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார ஓர் இடம் கிடைத்தது. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. கையில் பணம் குறைவு, பெயர் பெரிது என்ற நிலையில் ஒரு நிறுவனர் செய்யக்கூடிய மிகச் சிக்கனமான காரியம் கருத்தரங்குதான். அழைத்தால் வருவார்கள், தேநீருக்கும் தாளுக்கும்தான் செலவு.

ஆனால் கருத்தரங்கை வைத்துக் கள ஆய்வு நடத்த முடியாது. ஒரு கிராமத்தில் ஆறு மாதம் தங்கி வீடு வீடாகக் கணக்கெடுக்க இளம் ஆய்வாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும், நூலகத்துக்கு ஆண்டுச் சந்தா வேண்டும், முப்பது வயதுக்காரர் ஒருவர் தன் வாழ்க்கையை அடகு வைத்து வந்து சேர நிரந்தரப் பணியிடம் வேண்டும். நிறுவனரின் சேமிப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இவை மூன்றையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்காது.

எதைக் கொடுத்து எதை வாங்கினார்

ஆக, அவர் முன் மூன்று வழிகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வழி, வெளிநாட்டுப் பணம். யுனெஸ்கோவின் இரண்டாம் நாற்காலியில் இருந்தவருக்கு அந்தக் கதவுகள் திறக்காமல் போயிருக்காது. ஆனால் 1976-இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் ஆய்வுத்திட்டத்துக்கு வரும், மின்கட்டணத்துக்கு வராது. இன்றுவரை அது மாறவில்லை.

இரண்டாவது வழி, சிறியதாகவே இருந்துவிடுவது. நிறுவனரும் இரண்டு உதவியாளரும் ஒரு மாத இதழும். பலர் தேர்ந்தெடுக்கும் வழி இது. கௌரவமானதும்கூட. நிறுவனரின் இரங்கல் கூட்டத்தோடு அதுவும் முடிந்துபோகும்.

மூன்றாவது, ஆராய்ச்சி மன்றம் வைத்திருந்த ஏற்பாடு. மன்றம் ஒரு பங்கு பராமரிப்பு மானியம் கொடுக்கும்; மாநில அரசு அதற்கு ஈடாக ஒரு பங்கு கொடுக்கும். நிறுவனம் அரசுத் துறை ஆகாது. தனக்கென்று ஆளுகைக் குழுவோடு தன்னாட்சி பெற்ற அமைப்பாக நிற்கும். குழுவில் மன்றத்தின் ஆளும் மாநில அரசின் ஆளும் உட்காருவார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் 'ஈடாக' என்ற சொல்லில் இருக்கிறது. இரண்டு எஜமானர் இருந்தால் யாருக்கும் முழு எஜமானத்தனம் இல்லை. தில்லி கோபித்துக்கொண்டால் சென்னை இருக்கிறது, சென்னை கோபித்துக்கொண்டால் தில்லி இருக்கிறது. காகிதத்தில் அப்படித்தான். நடைமுறையில் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருவர் தராமல் இழுத்தால் இன்னொருவரும் "அவர் தந்தாரா?" என்று கேட்டு இழுக்கலாம். கூட்டுக் குடும்பத்தில் கடைசித் தம்பியின் படிப்புச் செலவு இரண்டு அண்ணன்களிடமும் மாட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆதிசேஷையா மூன்றாவதைத் தேர்ந்தார். அப்போது அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் (1975 முதல் 1978 வரை). நூற்றிருபது ஆண்டு பழைமையான பல்கலைக்கழகத்தின் கோப்புகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், அரசுப் பணம் ஒரு கல்வி நிறுவனத்துக்குள் வந்தால் அதன் பின்னால் என்னென்ன நுழையும் என்பதை அறியாதவர் அல்ல. இணைப்புக் கல்லூரிகளைப் பல்கலைக்கழகத்தின் பிடியிலிருந்து தளர்த்தித் தன்னாட்சி தர வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். 1978-இல் லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி உள்ளிட்டவை தன்னாட்சி பெற்றன. இந்தியாவிலேயே முதல் தொகுதியைச் சேர்ந்தவை அவை. பெரிய அமைப்பின் உள்ளேயே சிறிய அலகுக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்க வேண்டும் என்ற அதே எண்ணம்தான் காந்தி நகரிலும் வேலை செய்தது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் நல்ல வேலை செய்துகொண்டிருந்த ஓர் அறக்கட்டளை. காசோலையில் கையெழுத்திடும் உரிமை நிறுவனர் ஒருவருக்கு மட்டும். "இன்னொருவரைச் சேருங்கள் ஐயா" என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதினேன். "நான் எங்கே போய்விடப் போகிறேன் தம்பி" என்று சிரிப்பார். ஒரு நாள் போய்விட்டார். வாரிசுச் சான்றிதழ், அறங்காவலர் தகராறு, வங்கி என்று அலைந்ததில் ஊழியர்களுக்கு ஐந்து மாதம் சம்பளம் இல்லை. இரண்டு பேர் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களோடு பன்னிரண்டு ஆண்டு களக்குறிப்பும் போயிற்று.

1978: நாற்காலி

அடுத்த ஆண்டு மிட்ஸின் இயக்குநராக சி.டி. குரியன் வந்தார். அவரும் தாம்பரத்துக்காரர்தான், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் நீண்ட காலம் பொருளியல் பேராசிரியர். ஆனால் சிந்தனையில் இருவரும் ஒரே திசையில் நின்றவர்கள் அல்லர். ஆதிசேஷையாவின் உலகில் கல்வி பெருகினால் திறன் பெருகும், திறன் பெருகினால் வளர்ச்சி வரும். குரியன் வேறு இடத்திலிருந்து தொடங்குவார். நிலம் யாரிடம் இருக்கிறது, உற்பத்திச் சாதனம் யார் கையில், வறுமையை உற்பத்தி செய்வது எது? வறுமையைத் திட்டத்தின் கசிவாக அவர் பார்க்கவில்லை, சமூக அமைப்பின் விளைவாகப் பார்த்தார்.

தன்னைப் போலவே பேசுபவரை வாரிசாகத் தேடும் நிறுவனர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தன் கருத்தோடு மோதக்கூடிய ஒருவரிடம் ஆய்வுத் திட்டத்தையே ஒப்படைப்பது வேறு துணிச்சல். குரியன் பத்தாண்டு, 1988 வரை, இயக்குநராக இருந்தார். நிறுவனத்தின் ஆய்வு முகம் உருவானது அந்தப் பத்தாண்டில்தான்.

அதற்காக ஆதிசேஷையா முற்றும் துறந்து காவி கட்டிக்கொண்டு போய்விட்டார் என்று எண்ண வேண்டாம். ஆளுகைக் குழுவின் தலைமையில் அவர் நீடித்தார். நிறுவனர் தலைவராக மேலே உட்கார்ந்திருப்பது எந்த இயக்குநருக்கும் எளிதான சூழல் அல்ல. பல நிறுவனங்கள் கெட்டுப்போவதே இந்த இடத்தில்தான். மிட்ஸை அதிலிருந்து காப்பாற்றியது, என் கணிப்பில், ஆதிசேஷையாவுக்கு வேறு வேலை நிறைய இருந்ததுதான். 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினர். மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியைப் பற்றி ஆராய்ந்த தேசிய மறுஆய்வுக் குழுவுக்கு 1978-இல் தலைவர்; தமிழ்நாட்டில் பிளஸ் டூ பிறந்ததும் அதே ஆண்டு. தில்லி இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் ஆண்டுதோறும் நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றிய இடையாண்டு மதிப்பீடு. நிதியாண்டு பாதியிலேயே, பட்ஜெட் சொன்னதும் நடந்ததும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கணக்குப் போட்டு அவையின் முன் வைப்பது அது. அவர் பெயரைத் தாங்கி அந்த மதிப்பீடு அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. வேலை இல்லாத நிறுவனர்தான் அலுவலகத்துக்கு வந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டுவார்.

சம்பளம் தருபவரைப் பற்றி எழுதுதல்

ஏற்பாடு உண்மையில் வேலை செய்ததா என்பதற்கு ஒரே சோதனை இதுதான். பாதிப் பணம் தரும் மாநில அரசின் கொள்கையைப் பற்றி நிறுவனம் நேர்மையாக எழுத முடிந்ததா?

முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1988-இல் மிட்ஸ் ஆய்வாளர்கள் கூட்டாகத் தமிழ்நாட்டுப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு பெருந்தொகுப்பு வெளியிட்டார்கள். வேளாண்மை, தொழில், நிதி, வறுமை என்று துறைவாரியாகப் பிரித்து வைத்து, எங்கே வளர்ச்சி, எங்கே தேக்கம் என்று பார்த்தது அது. வரவேற்புரை எழுதும் தொனி அதில் இல்லை. எம்.ஜி.ஆர். மறைந்து, மாநிலம் மீண்டும் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த ஆண்டு.

அரசை உள்ளிருந்து அறிந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். எஸ். குகன் தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலராக இருந்த இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. கோப்பின் இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். மாநில நிதிநிலை, முதியோர் ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்பு ஏற்பாடுகள், காவிரிப் பிரச்சினை எல்லாவற்றைப் பற்றியும் எழுதினார். ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்பு என்பது கருணைத் தொகை அல்ல, கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஏழை மாநிலமும் தாங்கக்கூடிய செலவுதான் என்ற வாதத்துக்கு எண்களால் எலும்பு கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். பட்ஜெட் போட்ட கை என்பதால் அந்த எண்களை யாரும் எளிதில் தள்ள முடியவில்லை.

பிறகு நீர். எஸ். ஜனகராஜனின் ஆய்வுகள் பாலாற்றுத் தோல் கழிவையும் நொய்யல் சாயக் கழிவையும் பேசின. 2003-இல் தமிழ்நாட்டு, கர்நாடக விவசாயிகளை ஒரே அறையில் உட்காரவைத்த 'காவிரிக் குடும்பம்' என்ற முயற்சி மிட்ஸிலிருந்துதான் கிளம்பியது. வழக்கறிஞரும் அமைச்சரும் இல்லாமல் இரண்டு மாநில விவசாயிகளும் பேசினால் என்ன நடக்கும் என்று பார்க்கும் துணிவு, அடுத்த தேர்தலைப் பற்றிக் கவலைப்படாத ஓர் இடத்துக்குத்தான் வரும்.

விலை

கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். இரண்டு அரசுகளின் பணத்தில் நிற்கும் நிறுவனத்தில் சம்பள விகிதம் ஏறும்போது மானியம் கூடவே ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஓய்வு பெறுபவரின் இடம் காலியாகவே கிடக்கும், நூலகச் சந்தா குறையும், ஆய்வாளர்கள் வெளித்திட்டப் பணத்தைத் தேடி ஓடுவார்கள். இது மிட்ஸுக்கு மட்டும் வந்த நோய் அல்ல, ஆராய்ச்சி மன்றத்தின் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. மன்றத்தையே மறுஆய்வு செய்ய அமைக்கப்பட்ட நான்காவது குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. நிதியைப் பெருமளவு கூட்ட வேண்டும், தன்னாட்சியைப் பலப்படுத்த வேண்டும் என்றது. அந்தக் குழுவின் தலைவர் ஏ. வைத்தியநாதன், மிட்ஸோடு நெடுங்காலம் இணைந்திருந்த பொருளியலாளர். காந்தி நகரிலேயே உட்கார்ந்து இந்தச் சிக்கலை அனுபவித்தவரே அதற்கு மருந்து எழுதினார். மருந்துச்சீட்டு கோப்பில் போயிற்று.

நிறுவனரின் மூலநிதி, அதாவது முதலைத் தொடாமல் வட்டியில் நிறுவனத்தை நடத்த வைக்கும் பணம், இன்னும் பெரியதாக இருந்திருந்தால்? அல்லது 1977-இலேயே, மானியத்தோடு ஒரு பெரிய மூலநிதியையும் இரண்டு அரசுகளிடமும் கேட்டு வாங்கியிருந்தால்? என்னிடம் வரும் அறக்கட்டளைகளிடம் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆண்டு மானியம் என்பது வாடகை வீடு, மூலநிதிதான் சொந்த மனை. ஆனால் 1977-இன் தமிழ்நாட்டில், ஒரு சமூக அறிவியல் நிறுவனத்துக்கு மூலநிதி தரும் தொழிலதிபர் வரிசையில் நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. கிடைத்ததை வைத்துக் கட்டினார்.

ஆதிசேஷையா 1994 நவம்பர் 21 அன்று மறைந்தார். நிறுவனத்துக்கு அப்போது இருபத்து மூன்று வயது. நிறுவனர் இயக்குநர் நாற்காலியை விட்டுப் பதினாறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1998-இல் யுனெஸ்கோ அவர் பெயரில் ஒரு சர்வதேச எழுத்தறிவு விருதை ஏற்படுத்தியது. கராச்சித் திட்டத்தின் காலத்து மனிதருக்குப் பொருத்தமான நினைவு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு மெல்லிய நகைமுரணாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

இருவேல்பட்டு

1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். தென்னாற்காட்டில் இருவேல்பட்டு, வடஆற்காட்டில் தூசி, தஞ்சையில் பாலக்குறிச்சி, ராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் என்ன, எத்தனை மாடு என்று எழுதிவரச் சொன்னார். 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறுபடி கணக்கெடுத்தார்கள்.

1980-களின் தொடக்கத்தில் மிட்ஸ் அந்தப் பழைய நோட்டை எடுத்துத் தூசி தட்டியது. குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் எல்லாவற்றுக்கும் மறுகணக்கு வந்தது. ஆடம்பரம் இல்லாத தட்டச்சுத் தாள்களாக வெளிவந்தவை அவை. ஒரே பெரிய ரெட்டியார் நிலவுடைமைக் குடும்பத்தைச் சுற்றி இயங்கிய ஊராக ஸ்லேட்டரின் மாணவர் பார்த்த இருவேல்பட்டு, அந்தப் பிடி எப்படி மெல்ல மெல்லத் தளர்ந்தது என்று ஆண்டுவாரியாகச் சொல்லக்கூடிய ஊராக மாறியது.

மூன்றாண்டுத் திட்டப்பணத்தில் இந்த வேலையை யாரும் செய்ய முடியாது. எந்த நன்கொடையாளரிடம் போய், "எழுபது ஆண்டுக்கு முன் எடுத்த கணக்கைத் திரும்ப எடுக்க வேண்டும், அடுத்த கணக்கு இன்னும் இருபத்தைந்து ஆண்டு கழித்து" என்று விண்ணப்பம் எழுதுவது?

2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மறுபடி இருவேல்பட்டுக்குப் போனார்கள். மூவரில் நாகராஜ் மிட்ஸ் பேராசிரியர். ஜெயரஞ்சன் 2021-இல் தமிழ்நாட்டின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் துணைத்தலைவரானார். நிலம், உழைப்பு, சாதி அரசியல் மூன்றும் அந்த ஊரில் ஒரு நூற்றாண்டில் எப்படி இடம் மாறின என்று அவர்கள் எழுதிய கட்டுரை 2010-இல் வந்தது. அதன் தலைப்பிலேயே ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன: 1916, 2008.